மழைக்காலத்தில் பாய்மரப் படகின் பாட்டரி

கொச்சி, ஜூன் 4

பருவமழை பிடித்துக்கொண்டது. போல்காட்டித் தீவின் அருகே, கரை மின்சாரம் எட்டாத தொலைவில் நங்கூரமிட்டிருக்கும் இப்படகின் பாய்களைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்தாகிவிட்டது. ஆடி கழியும் வரையில் பிரயாணம் என்ற பேச்சே இல்லை. படகு ஓய்ந்திருக்கும் இம்மாதங்களில்தான் அதன் பாட்டரிகளுக்கு உண்மையான அபாயம். காற்றை நம்பிச் செல்லும் படகுக்கு மின்சாரம் எதற்கு என்று கேட்பவர்கள், கப்பல்கள் நெருக்கமாகச் செல்லும் பாதையை நள்ளிரவில் கடக்கும்போது பாய்மரத்து உச்சியில் எரியும் மூவண்ண விளக்கும், சுக்கானைத் தானே திருத்திச் செலுத்தும் கருவியும், அடித்தட்டில் சேரும் நீரை இறைக்கும் பம்பும் இந்தக் கறுப்புப் பெட்டிகளையே நம்பியிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜூன் 11

வெயில் கண்ணில் படவேயில்லை. சோலார் பலகை பேருக்கு இருக்கிறது. பம்போ ஓயாமல் மழைநீரை இறைக்கிறது. எல்லா இணைப்புகளையும் துண்டித்து, சில மணி நேரம் பொறுத்து அளந்தபோது வோல்ட் மீட்டர் 12.2 காட்டிற்று. நிறைந்த பாட்டரி 12.7 காட்ட வேண்டும். அரை வோல்ட் வித்தியாசம் அற்பமாகத் தோன்றினாலும், சேமிப்பில் ஏறக்குறையப் பாதி செலவாகிவிட்டது என்பதே அதன் பொருள்.

1859-ல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமில பாட்டரியின் தத்துவம் இன்றும் அதுவே. மின்சாரத்தைக் கொடுக்கக் கொடுக்கத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிந்து, அமிலம் நீர்த்துக்கொண்டே வருகிறது. சார்ஜ் ஏற்றும்போது அப்படிவு கரைந்து பழைய நிலை திரும்புகிறது. ஆனால் உடனுக்குடன் ஏற்றாமல் வாரக்கணக்கில் அரைவயிறாகவே விட்டுவைத்தால், அது கெட்டிப்பட்ட படிகமாகிப் பின்னர் எதற்கும் இளகுவதில்லை. உழைத்துத் தேய்ந்த பாட்டரிகளைக் காட்டிலும், கவனிப்பாரின்றி இவ்விதம் நாசமான பாட்டரிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 12

டீசல் எஞ்சினை ஓட்டினேன். உதவிக்கு வந்த தூத்தூர் இளைஞன், ஆழ்கடலில் சுறா பிடிக்கும் விசைப்படகுகளில் வேலை பார்த்தவன், "எங்க போட்டுல பாட்டரியப் பத்தி யாரு இவ்வளவு கவலப்படப் போறா, அண்ணே? எஞ்சின் ராவும் பகலும் ஓடிக்கிட்டே கெடக்கும், சார்ஜ் தானா ஏறிரும்" என்றான். விஷயத்தின் சாரத்தையே சொல்லிவிட்டான். எஞ்சினை நிறுத்தியபின் சமுத்திரத்தில் கிடைக்கும் அமைதியே பாய்மரப் படகின் பாக்கியம். அந்த அமைதிதான் பாட்டரியைப் பட்டினி போடுவதும். ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட்டினால் போதும் என்பதும் சரியன்று: முதற்பகுதி விரைவாக ஏறும், கடைசி ஐந்திலொரு பங்கையோ பாட்டரி பல மணி நேரம் நிதானமாகவே உட்கொள்ளும். ஆகையால் படகைத் துறையில் கட்டிக் கரை மின்சாரத்தில் சார்ஜரை இணைப்பதென்று தீர்மானித்தேன்.

ஜூன் 14

துறையில். இங்குள்ள உஷ்ணத்தை உத்தேசித்து, 14.4 வோல்ட்டுக்குப் பதிலாக 14.3-ல் ஏற்றினேன். பாட்டரிகளின் உள்ளறைகளின் மூடிகளைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ராமீட்டரின் ரப்பர்க் குமிழை அழுத்தி விட்டதும், கண்ணாடிக் குழாய்க்குள் அமிலம் மெல்ல ஏறி, மிதவை இரண்டு முறை ஆடி நின்றது: 1.265. ஒரே ஒரு அறையில் மட்டும் மிதவை தாழ்ந்து 1.225 காட்டிற்று. டெர்மினலில் பூத்திருந்த நீலப்பச்சைப் பொடியைச் சோடா உப்புக் கரைசலால் கழுவி, இணைப்பை முறுக்கி, வாஸ்லீன் தடவினேன். காய்ச்சி வடித்த நீரைச் சார்ஜ் ஏறியபின் ஊற்றுவதே முறை. முன்னே ஊற்றினால் ஏறும்போது மட்டம் உயர்ந்து அமிலம் வழியும்.

பாட்டரி அறையின் கதவைத் திறந்தே வைத்தேன். சார்ஜ் ஏறும்போது வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே, வெடிக்க ஒரு தீப்பொறி போதும். கடல்நீர் உள்ளே புகுந்து பாட்டரியை எட்டினால் குளோரின் என்னும் நச்சுவாயு பிறக்கும். காற்றில் சாயும் படகில் பெட்டிகளை வாரிட்டு இறுகக் கட்டுவதும், நீர் தங்கும் அடித்தட்டைவிட்டு உயர வைப்பதும் இதனாலேயே.

ஜூன் 15

ரேடியோ முதலிய நுட்பக் கருவிகளைத் துண்டித்துவிட்டு, 15.5 வோல்ட்டில் சில மணி நேரம் சமன்படுத்தும் சார்ஜ் கொடுத்தேன். அறைகள் நன்றாகக் கொதிப்பதுபோல் குமிழியிட்டன. பலவீனமான அறை 1.250-க்கு ஏறியிருக்கிறது. ஒரு வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். மீண்டும் இறங்கியிருந்தால், பழையதோடு இணைத்த புதியதையும் பழையதே கெடுத்துவிடுமாதலால், இரண்டு பாட்டரிகளையும் ஒன்றாகவே மாற்றிவிட வேண்டியதுதான்.