களத்துமேட்டில் ஒரு பாடம்

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் காவிரிப் படுகைச் சிற்றூர் ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். தை மாதச் சம்பா அறுவடையின்போது நாங்கள் பொதக்குடிக்குச் சென்றோம். வழியில், நீடாமங்கலம் அருகே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பைக் கண்டு பிள்ளைகள் வியந்தனர்.

களத்தில் பெரியவர் ஒருவர் நெல் அளந்துகொண்டிருந்தார். "உஷ்ர் எவ்வளவு, பெரியத்தா?" என்றான் என் மகன்.

"மழையிலும் ஆற்றுப் பாய்ச்சலிலும் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. இம்முறை வாய்க்கால் வறண்டு, மோட்டார் நீரில்தான் விளைந்தது."

இருபதில் ஒன்றைப் பிரித்தவர், அதே அளவு நெல்லை மீண்டும் அளந்து ஸதகாவாக ஒதுக்கினார். "என் கடமை பாதியானது, ஏழையின் பசி பாதியாகவில்லையே!"

நூல்களில் நான் கற்பித்த சட்டத்திற்கு அவர் உயிரூட்டினார். அன்றிரவு என் மகனின் தட்டில் ஒரு பருக்கையும் எஞ்சவில்லை. அல்ஹம்துலில்லாஹ்!