‘மெட்ராஸ்லருந்து வந்துரும்ங்கிறாங்க’

மதுரைத் தனியார் பண்பலை நிலையம் ஒன்றில் இப்போது பாட்டைவிட அதிகம் ஓடுவது வதந்தி. நிலையத்தின் பெயர் வேண்டாம்; உள்ளே இருப்பவர்களுக்கு அது பிழைப்பு. விளம்பரப் பிரிவுக்காரர் ஒன்று சொல்கிறார்: புதுப்பாட்டை ஏறக்கட்டிவிட்டு முழுக்க எண்பது, தொண்ணூறுக்குப் போகப்போகிறார்களாம். கீழே டீக்கடையில் வேறு கதை: இரவு நிகழ்ச்சி இனிமேல் சென்னையிலிருந்துதான். நிலையத்தையே விற்கப்போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு. இத்தனைக்கும் நடந்தது ஒன்றுதான். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், “பழைய பாட்டு எவ்வளவு ஸ்டாக் இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவரைப் பார்க்கத்தான் நான் போனது. பாட்டுகளை அடுக்குவது அவர் வேலை. எல்லாரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். காற்றில் அவர் குரல் வந்ததே இல்லை, ஆனால் ஊர் கேட்பதெல்லாம் அவர் போட்ட வரிசை.

அவர் கணினித் திரையில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு அட்டை இருக்கிறது. படம், வருடம், இசையமைப்பாளர், பாடியவர்கள், வேகம், சோகமா கும்மாளமா, முன்னிசை எத்தனை விநாடி, எல்லாம் அதில் உண்டு. ஒரு மணி நேரத்தைக் கடிகாரம் மாதிரி வட்டமாகப் பிரித்து, எங்கே புதுப்பாட்டு, எங்கே விளம்பரம், எங்கே ஆர்.ஜே. பேச்சு என்று முன்கூட்டியே குறித்துவிடுகிறார். மென்பொருள் அதை நிரப்பும். ஆனால் அதற்கு விதிகள் சொல்லித்தர வேண்டும். ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக் கூடாது. ஒரே இசையமைப்பாளர் ஒட்டி வரக் கூடாது. இரண்டு மந்தமான பாட்டு சேர்ந்தால் மூன்றாவது துள்ளலாக இருக்க வேண்டும்.

“இந்த விதியை வச்சுக்கிட்டு எண்பதுகளுக்குப் போங்க பாப்போம்” என்றார். எனக்காகவே அந்த விதிகளை மாற்றாமல், எண்பதுகளின் பாட்டுகளை மட்டும் தேர்ந்து ஒரு மணி நேரத்தை நிரப்பும்படி மென்பொருளுக்குச் சொன்னார். முதல் மூன்று கட்டங்கள் நிரம்பின. அதற்கப்புறம் வரிசையாகச் சிவப்பு. இளையராஜா இசை, எஸ்.பி.பி. குரல், துணைக்கு ஜானகி, அடுத்ததும் அதுவேதான். எதைத் தொட்டாலும் எதன்மேலாவது இடிக்கிறது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குப் பாட்டை மாற்றுவது பட்டனை அழுத்துகிற காரியம். இங்கே அது விதிகளையே திரும்ப எழுதுகிற வேலை. இசையமைப்பாளர் விதியைத் தளர்த்தி, படத்தின் பெயரையும் வேகத்தையும் வைத்துப் பிரிக்க வேண்டியிருக்கும் என்றார்.

ஆர்.ஜே.க்கும் கணக்கு மாறும். காலை நிகழ்ச்சி செய்யும் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே பேசினார். பல்லவி தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் பேச்சு முடிந்திருக்க வேண்டும்; பாடகரின் முதல் சொல்லை மிதித்தால் பாவம். பழைய பாட்டின் நீண்ட முன்னிசையில் கோரிப்பாளையம் நெரிசலையும் சொல்லி, ஒரு பிறந்தநாள் வாழ்த்தையும் நுழைத்துவிட்டார். புதுப்பாட்டுகள் பல எடுத்ததுமே குரலில் தொடங்கிவிடுகின்றன. அங்கே பாட்டுக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். “எனக்குப் பழைய பாட்டுன்னா சந்தோஷம்தாண்ணே. பேச இடம் கிடைக்கும்” என்றார். பயம் பாட்டைப் பற்றியது இல்லை, சென்னையைப் பற்றியது.

அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. 2011இல் வந்த மத்திய அரசின் மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கை, ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் நாடு முழுக்க நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அனுமதித்தது. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆனால் போக்குவரத்து, வானிலை, மின்தடை, குடிநீர், திருவிழா ஆகியவை செய்தியில் சேராது என்று அதே கொள்கை சொல்கிறது. உள்ளூர் ஆர்.ஜே. நிற்கும் இடமே அந்தச் சந்துதான். சித்திரைத் திருவிழாவில் அழகர் தல்லாகுளம் வந்துவிட்டாரா, எந்தத் தெருவை அடைத்திருக்கிறார்கள் என்பதைச் சென்னையில் உட்கார்ந்திருப்பவரும் தாளைப் பார்த்து வாசிக்கலாம்தான். மூன்றுமாவடியில் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட நேயர் போன் செய்தால், ‘அப்படியே பின்னாடி திரும்பி வந்துருங்க’ என்று சொல்லத் தெரிய வேண்டுமே. என்னைக் கேட்டால், நிலையம் எந்தக் காலத்துப் பாட்டைப் போட்டாலும் ஊருக்கு நஷ்டமில்லை. இந்தப் பேச்சு போனால்தான் நஷ்டம்.

வதந்திக்கு இவ்வளவு தீனி கிடைப்பதற்கு இன்னொரு காரணம், இங்கே அளவுகோல் இல்லாதது. நேயர்களை வாராவாரம் கணக்கெடுத்த ‘ராம்’ அளவீடு டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என நான்கு நகரங்களோடு நின்றது. மதுரையில் வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுகளும், ஜவுளிக்கடை முதலாளியின் காரில் ஓடுவதும்தான் கணக்கு. அந்த முதலாளி இளையராஜா ரசிகர் என்பது விளம்பரப் பிரிவுக்கு மனப்பாடம்.

மேலிருந்து ஒருவர் முடிவெடுப்பது வானொலிக்குப் புதிதில்லை. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார், அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு தேய்ந்துபோனது. நேயர்கள் பேசாமல் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி என்ற சேவையைத் தொடங்கித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது. இன்றைக்குக் கைபேசி இருக்கிறது, இலங்கை வரை போக வேண்டியதில்லை.

கட்டடத்தில் கவலையில்லாத ஒரே ஆள் பொறியாளர். ஒரு நகரத்தின் தனியார் நிலையங்கள் பொதுக் கோபுரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது உரிம விதி. ஸ்டூடியோவில் ஜென்மப் பகையாளிகளாக இருப்பவர்கள் கோபுரத்தில் ஒரே ஆன்டெனாவில் ஏறுகிறார்கள். “எந்தக் காலத்துப் பாட்டா இருந்தாலும் கரண்ட் பில் ஒண்ணுதான் சார்” என்றார்.

அக்கா அப்படி இருக்க முடியாது. வேலை நேரம் முடிந்தபிறகும் உட்கார்ந்து பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். ஒரே பாட்டுக்கு மூன்று பிரதி இருக்கிறது. ஒன்று கேசட்டிலிருந்து எடுத்தது, இரைச்சல். ஒன்றில் கடைசிச் சரணம் இல்லை. இன்னொன்று வேறொருவர் மறுபடி பாடியது. ஒவ்வொன்றையும் ஹெட்போனில் கேட்டு நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கிறார். யாரும் செய்யச் சொல்லவில்லை. முடிவாகிவிட்டதா என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? பழைய பாட்டுன்னு சொன்னா மறுநாளே ஓட்டிருவேன். புதுசே இருக்கட்டும்னாலும் சரி. மெட்ராஸ்லருந்து வந்துருச்சுன்னா இந்தச் சீட்டே இருக்காது. அடுக்குறதுக்கு அங்க வேற ஆள் இருக்காங்கள்ல” என்றார்.