கடைசி டிவிடெண்ட்

கோயம்புத்தூரில் எங்கள் சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்தினோம். பம்ப்செட் உதிரிபாகம் செய்கிற தொழில். கணக்கு என் பொறுப்பு. அடுத்த தலைமுறைக்குத் தொழிலில் ஆர்வமில்லை. அதனால் 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 59-ஆவது பிரிவின்கீழ் கம்பெனியை நாங்களாகவே கலைத்தோம். சட்டத்தின் பெயரைக் கேட்டு ஊரில் பாதிப்பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். கடனைத் தீர்க்க வக்குள்ள கம்பெனி தானாகக் கலைவதும் அந்தச் சட்டத்தின்கீழ்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

கடன்காரர்களுக்குப் போக மிஞ்சியதைப் பங்குதாரர்களுக்குப் பிரித்தார் லிக்விடேட்டர். புரிவதற்காக எண்களை முழுசாக்கிச் சொல்கிறேன். பத்து ரூபாய்ப் பங்குகள் 4 லட்சம், ஆக மூலதனம் 40 லட்சம். பங்கு பிரீமியம் 20 லட்சம். சேர்ந்திருந்த லாபம் 15 லட்சம். மொத்தம் 75 லட்சம், பங்குக்கு 18.75 ரூபாய்.

பத்து ரூபாய்க்குப் பதினெட்டே முக்கால்! கணக்கு எழுதுகிற எனக்கே கை பரபரத்தது. புது கார் விலைகூட விசாரித்தேன். ஜர்னல் என்ட்ரி போட உட்கார்ந்தபோதுதான் வேகம் அடங்கியது. வருஷா வருஷம் டிவிடெண்ட் கொடுத்தபோது லாபக் கணக்கில் மட்டும்தான் கை வைத்தோம். கம்பெனிச் சட்டமும் லாபத்திலிருந்துதான் கொடுக்கச் சொல்கிறது. இந்த முறை மூலதனம், பிரீமியம், சேர்ந்த லாபம் மூன்றையும் பற்று வைத்து, பங்குதாரர் கணக்கில் வரவு வைக்க வேண்டியிருந்தது. அந்த 18.75-இல் 3.75 மட்டுமே லாபத்தின் பங்கு. மீதி 15 ரூபாய், பங்குதாரர்களாகிய நாங்கள் என்றோ போட்ட பணம்.

வரியும் அப்படித்தான் பிரிந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(22)(சி) பிரிவில், சேர்ந்த லாபம் இருந்த அளவுக்குத்தான் அது டிவிடெண்டாகக் கருதப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் அதற்கான வரி, டிவிடெண்ட் வாங்குகிறவர் தலையில். மிச்சத்திலிருந்து பங்கு வாங்கிய விலையைக் கழித்தால் வருவது மூலதன ஆதாயம்.

அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் தலைக்குப் பத்தாயிரம் பங்கு. ஆளுக்கு 1,87,500 வந்தது. அதில் டிவிடெண்ட் 37,500. அத்தை ஆரம்பத்திலேயே பத்து ரூபாய்க்கு வாங்கியவர், அதனால் 50,000 ஆதாயம். பிற்பாடு பதினைந்துக்கு வாங்கிய சித்தப்பாவுக்கு ஆதாயம் பூஜ்யம்.

"ஒரே தொகைதானே வந்தது, எனக்கு மட்டும் ஏன்டா கூட வரி?" என்றார் அத்தை.

"நீங்க கம்மியா போட்டீங்க அத்தை, அதான்."

"அப்ப முதல்ல நம்பினவளுக்குத்தான் தண்டனையா?"

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ரிட்டர்னை மட்டும் ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தேன். கார் வாங்கவில்லை, என் 15 ரூபாய்களை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டேன், 3.75-களை மட்டும் செலவழித்தேன்.