சாக்கடை ஓரத்துப் பூநாரைகள்

மாதுங்காவில் இட்லி, காபி முடித்துக்கொண்டு காட்டுப் பிராணிகளைப் பார்க்கக் கிளம்பினால் யாரும் சிரிப்பார்கள். பூக்கடையில் மல்லிகைச் சரம், வாழையிலைக் கட்டு, கோயிலுக்குப் போகும் மாமிகள், பாத்திரக் கடை வாசலில் பேரம் - இதில் வனம் எங்கே இருக்கிறது? சிறுத்தை பார்க்க வேண்டுமென்றால் வடக்கே போரிவிலி தேசியப் பூங்காவுக்குப் போ என்பார்கள். சிறுத்தையைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அதைவிட விசித்திரமான ஜீவன்கள் மாதுங்காவிலிருந்து அரைமணி தூரத்தில் கணுக்கால் ஆழச் சேற்றில் குடியிருக்கின்றன.

மும்பை வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் விஷயம் புரியும். மேற்கே மாஹிம் கழி, கிழக்கே தாணே கழி. கடல் நிலத்துக்குள் கை நீட்டிய இரண்டு இடங்கள். மும்பைத் தமிழன் பெரும்பாலும் வாழ்வது இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில்தான். தாராவி ஒரு கழியின் கரையில், செம்பூர் இன்னொன்றின் பக்கத்தில், மாதுங்கா இடையில். கோலி மீனவர்களுக்கு இன்றும் கடிகாரத்தைவிட 'பர்தி'யும் 'ஓஹோட்டி'யும்தான் முக்கியம். நீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம். இந்தப் பிராணிகளுக்கும் அதே கணக்கு.

தாராவியே ஒரு காலத்தில் கோலிவாடா. கழியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்துத்தான் ஊர் வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் சதுப்பின் ஓரத்தில் தோல் ஷாப்புகளை நடத்தினார்கள். மீன் போயிற்று, மண் வந்தது, மண்ணுக்கு மேல் மனிதர்கள் வந்தார்கள். இன்று தாராவி பஸ் டிப்போ அருகே, பாந்த்ரா - சயான் இணைப்புச் சாலையில் ஒரு நுழைவாயில் இருக்கிறது. மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. சுமார் 37 ஏக்கர். உள்ளே நுழைந்தால் லாரி சத்தம் குறைந்து குயில் சத்தம் கேட்கிறது. 1970களின் பிற்பகுதி வரை மும்பையின் குப்பை மலையாக வந்து விழுந்த இடம் இது. 1983-ல் பறவையியல் மேதை சலீம் அலி இங்கே மரம் நட்டார். பூங்கா பொதுமக்களுக்குத் திறந்தது 1994-ல். அதைப் பார்க்க அவர் இல்லை, 1987-ல் காலமாகிவிட்டார்.

பூங்காவின் கடைக்கோடியில் மித்தி ஆறு. ஆறு என்று சொல்வது மரியாதைக்காக. அந்தக் கறுப்புத் தண்ணீரில் அலையாத்தி மரங்கள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. பிச்சாவரம் பார்த்தவர்களுக்குத் தெரிந்த மரம்தான். சேற்றுக்குள் பிராணவாயு கிடையாது என்பதால் வேர் கீழே போவதற்குப் பதில் மேலே வருகிறது. மரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான பென்சில்களை நட்டு வைத்ததுபோல் நீட்டிக்கொண்டு நிற்பவை மூச்சு விடும் வேர்கள். உப்பை என்ன செய்வது? இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. வெயில் நாளில் இலையைத் தடவினால் விரலில் உப்புக் கரிக்கும். (மித்திக் கரை இலையை நாக்கில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.)

அலையாத்திக்கு அடுத்த அதிசயம் அதன் காலடியில் துள்ளுகிறது. அதைப் பார்க்க கிழக்குப் பக்கம் போக வேண்டும். வடாலாவில் ஹார்பர் லைன் ரயில் பிடித்து அடுத்த ஸ்டேஷன் சிவ்ரியில் இறங்கி, லாரிகளுக்கு இடையில் நெளிந்து பழைய படகுத்துறைக்குப் போனால், நீர் இறங்கிய நேரத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. முதலில் எதுவும் தெரியாது. ஒரு நிமிஷம் அசையாமல் நின்றால் சேறே நெளிவது தெரியும். விரல் நீள மீன்கள் நடக்கின்றன. மார்புத் துடுப்பை ஊன்றுகோலாக்கிக்கொண்டு நடக்கின்றன, தாவுகின்றன, எல்லைச் சண்டை போடுகின்றன, முதுகுத் துடுப்பை விசிறிபோல் விரித்துப் பெண் மீனுக்கு முன் பந்தா காட்டுகின்றன. மராத்தியில் நிவ்டி. கோலி வீடுகளில் குழம்பாகும் மீன்தான், பிடிப்பதுதான் கஷ்டம்.

தண்ணீருக்கு வெளியே வந்த மீன் செத்துவிடும் என்பது நமக்குத் தெரிந்த பாடம். நிவ்டிக்கு ஈரத் தோலும் வாயின் உட்புறமும் மூச்சு விடும் உறுப்புகள். ஈரம் காயாமலிருக்க அவ்வப்போது சேற்றில் புரண்டுகொள்கிறது. தலைக்கு மேல் துருத்திய கண்ணை ஒரு கணம் குழிக்குள் இழுத்து, நனைத்து, திரும்ப வெளியே விடுகிறது. அதாவது கண் சிமிட்டுகிறது. மீன் இனத்தில் இது அபூர்வம். இன்னும் ஒரு படி மேலே போகிற உறவினங்கள் உண்டு. வளைக்குள் முட்டை, வளைக்குள் இருக்கும் நீரிலோ பிராணவாயு இல்லை. அப்பா மீன் வெளியே வந்து வாய் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு உள்ளே போய் முட்டை அறையில் விடுகிறது. திரும்ப வருகிறது, திரும்பப் போகிறது. குஞ்சு பொரிக்கும் நாள் வந்ததும் அதே காற்றை வாயால் வெளியே எடுத்துவிட்டு அறைக்குள் தண்ணீர் ஏற விடுகிறது. மும்பையில் ஒண்டுக் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

ஆனால் சிவ்ரிக்குக் கூட்டம் வருவது நிவ்டிக்காக இல்லை. குளிர்காலம் முதல் மே மாதம் வரை சேற்றின் விளிம்பில் தெரியும் இளஞ்சிவப்புக் கோடு, பைனாகுலரில் பார்த்தால் கால்களும் கழுத்துகளுமாகப் பிரியும். பூநாரைகள். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் நாம் பார்ப்பது உயரமான, வெளிறிய பெரும் பூநாரை. இங்கே வருவதில் அதிகம் சிறு பூநாரை. உருவம் சிறியது, நிறம் அழுத்தம். மராத்தியில் 'அக்னிபங்க்' என்கிறார்கள். நெருப்புச் சிறகு. பறக்கும்போது பார்த்தால் பெயர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றும்.

பூநாரையின் உடம்பில் எல்லாமே தலைகீழ். மற்றப் பறவைகளுக்குக் கீழ் அலகு அசையும். இதற்கு மேல் அலகும் நன்றாக அசையும். காரணம், தலையைக் கவிழ்த்துத்தான் சாப்பிடுகிறது. நாக்கு பம்ப் மாதிரி முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை இழுக்கிறது. அலகின் ஓரத்துச் சல்லடையில் உணவு தங்க, தண்ணீர் வெளியே போகிறது. சிறு பூநாரையின் சல்லடை கண்ணுக்குத் தெரியாத பாசியையே பிடிக்கும் அளவு நுணுக்கமானது. 2025-ல் வெளியான ஓர் ஆய்வு, இது வெறும் சல்லடை இல்லை என்கிறது. தலையை வெடுக்கென்று தூக்கியும் காலால் சேற்றை மிதித்தும் அலகைப் படபடவென்று அடித்தும் தண்ணீரில் குட்டிச் சுழல்களை உண்டாக்கி, இரையை அவற்றில் சிக்க வைக்கிறதாம்.

முழங்கால் பின்பக்கம் மடங்குகிறதே என்று தோன்றும். அது முழங்கால் அல்ல, கணுக்கால். நிஜ முழங்கால் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்பது தவம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. இறந்த பூநாரையின் உடலை ஒற்றைக் காலில் நிறுத்தினாலும் சாயாமல் நிற்கிறது என்று 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள். மூட்டு அப்படிப் பூட்டிக்கொள்கிறது. தசைக்கு வேலையே இல்லை. இரண்டு காலில் நிற்பதுதான் அதற்கு உழைப்பு. அதிகப்படி உப்பை மூக்குத் துளை வழியாக வெளியேற்றும் சுரப்பியும் உண்டு. நிறமோ சொந்த நிறமே அல்ல. பாசியிலிருந்து வந்த கடன். குஞ்சு பிறக்கும்போது சாம்பல்தான். தாயும் தந்தையும் தொண்டைப் பையில் சுரக்கும் சிவந்த பாலை ஊட்டி வளர்க்கின்றன. ஊட்டி ஊட்டிப் பெற்றோர் வெளுத்துப் போவதும் உண்டு.

இவை இங்கே முட்டையிடுவதில்லை. மழை தொடங்கியதும் இரவோடு இரவாகக் கிளம்பிவிடும். 2022-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சில பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். அவை குஜராத் பக்கம் போனது பதிவாயிற்று. கட்ச் ரண்ணில் சேற்றைக் கூம்பாகக் குவித்துக் கட்டிய பூநாரைக் கூடுகளின் மாநகரத்தை 1945-ல் ஒட்டகத்தின் மேல் போய்ப் பார்த்து, லட்சக்கணக்கில் எண்ணி வந்தவரும் தாராவிக் குப்பை மேட்டில் மரம் நட்ட அதே சலீம் அலிதான்.

இத்தனை வசதியுள்ள பறவை மும்பைக்கு ஏன் வந்தது? 1990களுக்கு முன் இங்கே பெரும் கூட்டமாக வந்த பேச்சு இல்லை. இப்போது நல்ல வருஷங்களில் கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. பதில் கேட்டால் முகம் சுளிக்கும். நம் வீட்டுச் சாக்கடை. லட்சக்கணக்கான மக்களின் கழிவு தாணே கழியில் கலந்து சேற்றுக்கு எருவாகிறது. எருவில் பாசி தழைக்கிறது. பாசிக்குப் பறவை வருகிறது. அந்த நீரில் பல மீன்கள் பிழைக்காது. ஆப்பிரிக்காவில் டான்சானியாவின் நேட்ரான் ஏரியில், தோலை அரிக்கும் சோடா நீரில் நின்று குஞ்சு பொரிக்கும் இனத்துக்கு மும்பைச் சாக்கடை ஒரு பொருட்டில்லை. 2015-ல் தாணே கழியின் ஒரு பகுதி பூநாரை சரணாலயமாயிற்று. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் ஏறியது.

இங்கேதான் சிக்கல். தாராவி, கட்கோபர், பாண்டுப் உள்பட ஏழு இடங்களில் புதிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அவை வரத்தான் வேண்டும். மித்திக் கரையில் பிள்ளை வளர்ப்பவர்களிடம் பூநாரைக்காகச் சாக்கடையை விட்டு வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எரு குறைந்தால் பாசி குறையலாம், பறவையும் குறையலாம். குறையட்டும். அது தானாக இடம் தேடிக்கொள்ளும் பறவை. அதன் உடம்பு பழகாத விஷயங்கள் வேறு.

செம்பூரிலிருந்து வாஷி போகும் ரயில் மான்குர்த்தைத் தாண்டிக் கழிமேல் ஏறும்போது இது புலப்படும். நீர் இறங்கியிருந்தால் பறவைகள் இரைச் சேற்றில். நீர் ஏறிவிட்டால் அவற்றுக்கு நிற்க இடமில்லை. நவி மும்பைப் பக்கத்துக் குளங்களுக்கும் சதுப்புகளுக்கும் போய் ஒதுங்குகின்றன. தினமும் இந்தப் போக்குவரத்து உண்டு, இரவிலும் உண்டு. அந்த ஒதுங்குமிடங்கள் கட்டட நிலமாகிக்கொண்டிருக்கின்றன. நெருலில் ஒரு குளத்துக்குக் கடல் நீர் வரும் வழி அடைபட்டு, 2024-ல் அங்கே பல பறவைகள் இறந்தன. சிவ்ரிச் சேற்றின் மேலேயே 2024 ஜனவரியில் திறந்த கடல் பாலம் போகிறது.

அதே ஆண்டு மே 20 இரவு துபாயிலிருந்து வந்த விமானம் ஒன்று, தரையிறங்கப் போகும் நேரத்தில் ஒரு பூநாரைக் கூட்டத்தில் மோதியது. பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்கோபர் பந்த் நகர் பக்கத்தில் தெருவிலும் கட்டடங்களுக்கு இடையிலும் பறவைகள் விழுந்தன. 35-க்கும் மேல். செடா நகர் முருகன் கோயிலிலிருந்து அதிக தூரமில்லை. சேறு, உப்பு, மூச்சில்லாத நீர் எல்லாவற்றுக்கும் உடம்பில் வழி வைத்திருந்த பறவைக்கு, ஒளியோடு இறங்கி வரும் ஒரு விமானத்துக்கு வழியில்லை.

ஜூனில் நான் மறுபடி சிவ்ரி போனபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கோடு இல்லை. தூரத்தில் ஏழெட்டுப் பறவைகள் மட்டும், சாம்பல் நிறத்தில். குட்டிகள். குஜராத்துக்குப் போய்க் குடும்பம் நடத்த இன்னும் வயதாகாதவை சில இப்படி மழைக்காலத்திலும் தங்கிவிடும். தலையைக் கவிழ்த்து மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவை சிவக்க இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆகும்.