காய்ந்த இலைகளின் களஞ்சியம்

கோயமுத்தூருக்குச் செல்கிறவர்கள் மருதமலை முருகனைத் தரிசிப்பார்கள். பேரூர்க் கோயிலின் சிற்பங்களைக் கண்டு வியப்பார்கள். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் புகழ்ந்துவிட்டு ஊர் திரும்புவார்கள். காய்ந்த இலைகளைப் பார்ப்பதற்கென்று ரயிலேறி அந்நகருக்குச் செல்கிறவர்கள் வெகு சிலரே. சென்ற ஐப்பசியில் அந்தச் சிலருடன் நாங்களும் சேர்ந்தோம்: நான், என் மாணவ மாணவியர் பன்னிருவர், ஒரு பழைய நோட்டுப் புத்தகம்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் வரலாற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரைச் சுற்றிலும் தானாக முளைக்கும் செடி கொடிகளை, கண்ட இடம், கண்ட தேதி ஆகிய விவரங்களுடன் மூன்று வருஷ காலமாக அதில் எழுதி வந்தோம். தும்பை, நாயுருவி, ஆவாரை, குப்பைமேனி என்று எல்லோருக்கும் தெரிந்தவை வரையில் வேலை சுலபமாக நடந்தது. பிறகு, ஒன்றைப் போல் மற்றொன்று தோன்றும் செடிகள் குறுக்கிட்டன. நான் கற்ற தாவர சாஸ்திரம் அத்துடன் நின்றுபோயிற்று. மேற்கொண்டு கற்கவே இந்த யாத்திரை.

மழை ஓய்ந்த காலை வேளையில் மருதமலை அடிவாரத்தில் தாவர நிபுணர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். பொருள்களைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சிறு பூதக்கண்ணாடி ஒன்று அவர் கழுத்தில் தொங்கியது. நாலடி நடப்பதற்குள் என் மாணவி ஒருத்தி குனிந்து, "கீழாநெல்லி!" என்றாள். எங்கள் நோட்டில் நாற்பது இடங்களில் எழுதப்பட்டிருந்த பெயர் அது.

"எப்படித் தெரியும், அம்மா?" என்று கேட்டார் நிபுணர்.

"இலை புளியிலை மாதிரி இருக்கிறது, காய் கீழே தொங்குகிறது."

"நல்லது. புளியஞ் சிற்றிலை ஒவ்வொன்றின் அடியிலும் பூ உண்டோ?"

மாணவி விழித்தாள். நானும் விழித்தேன். புளியில் நாம் காணும் வரிசை முழுவதும் சேர்ந்து ஒரே இலை. கீழாநெல்லியில் இலைபோல் தோன்றுவது உண்மையில் ஒரு சிறு கிளை. அதிலுள்ள ஒவ்வொன்றும் தனி இலை. பூ எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் இந்த ரகசியம் வெளிப்பட்டுவிடும்.

அதன் பிறகு அவர் அந்தப் பாதையோரத்திலேயே மூன்று செடிகளைப் பறித்து எங்கள் கையில் கொடுத்தார். என் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். பூதக்கண்ணாடி வேறு விதமாகச் சொல்லிற்று. முதற் செடியின் பூவில் ஐந்து இதழ்கள். விதையில் நீளவாக்கில் வரிகள். அதுவே கீழாநெல்லி. இரண்டாவதன் பூவில் ஆறு இதழ்கள். அது வேறு இனம். மூன்றாவதில் நடுத்தண்டிலும் இலைகள் இருந்தன. விதையில் புள்ளி புள்ளியாக மேடுகள். அது மேலாநெல்லி.

"மஞ்சள் காமாலைக்கென்று ஜனங்கள் நம்பி வாங்கும் மூலிகை இது" என்றார் நிபுணர். தென்னிந்திய மூலிகைக் கடைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில் கீழாநெல்லி என்ற பெயரில் வேறு இனங்களும் விற்கப்பட்டதை 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியிருப்பதாகவும் சொன்னார்.

என் நெஞ்சு திக்கென்றது. எங்கள் ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "இதுதான் கீழாநெல்லி" என்று நானே பறித்துக் கொடுத்திருக்கிறேன்.

"ஸார், அப்படியானால் நம் நோட்டில் எழுதியிருப்பதெல்லாம் பொய்யா?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. "பொய் என்று சொல்ல முடியாது, தம்பி. சாட்சி இல்லாத வழக்கு என்று சொல்லலாம்" என்றார் நிபுணர்.

சாட்சி என்றால் என்ன என்பதைப் பிற்பகலில் கண்டோம். விவசாயப் பல்கலைக் கழக வளாகத்தில், இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல நிலையத்தில், மதராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட செடிகள் காகிதத்தில் அழுத்தி உலர்த்தப்பட்டு அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர். நூறு வருஷத்துக்கு முன் பறித்த செடியில் இன்றும் காயையும் விதையையும் பார்க்கலாம்.

பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள் என்பதையும் அங்கேதான் அறிந்தேன். நம் கீழாநெல்லியைப் பழைய நூல்கள் 'நிரூரி' என்றே குறித்தன. 1753-இல் லின்னேயஸ் சூட்டிய அந்தப் பெயர் அமெரிக்கச் செடி ஒன்றுக்கே உரியது என்று வெப்ஸ்டர் என்னும் அறிஞர் 1957-இல் தெளிவுபடுத்தினார். நம்முடையதற்கு 'அமாரஸ்' என்று பெயர். பழைய மாதிரிகள் பத்திரமாக இருந்தால்தான் இத்தகைய பிழைகளைத் திருத்த வழியுண்டு.

அந்நியர் ஆட்சியில் நம் நாட்டுச் செடிகளின் மாதிரிகள் ஏராளமாகக் கடல் கடந்து சென்றன. சுதந்திரம் வந்த பிறகு, தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைப்பதற்கு நேரு அழைத்தது ஜானகி அம்மாளை. 1897-இல் தலச்சேரியில் பிறந்த அவர் இதே கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர். இதைக் கேட்டபோது எங்கள் மாணவிகளின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் மறக்கமாட்டேன்.

ஊர் திரும்பிய அன்றே அந்த நாற்பது இடங்களையும் சிவப்பு மசியால் சுழித்தோம். இப்பொழுது ஒவ்வொரு இடமாக மீண்டும் போய்ப் பார்த்து வருகிறோம். பழைய பத்திரிகைத் தாள், இரண்டு பலகை, ஒரு கயிறு: இவையே எங்கள் ஹெர்பேரியம். நோட்டில் 'சந்தேகம்' என்று ஒரு பத்தியும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மூலிகை கேட்டு வருகிறவர்களிடம், "பூவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்கிறேன். இதனால் ஊரில் என் மதிப்புச் சற்றுக் குறைந்திருக்கிறது என்றே தோன்றுகிறது, பாதகமில்லை.