அப்பாச்சி சிரிச்ச படம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், பருத்தித்துறையில் எங்களில் ஒருத்தியின் வீட்டில் நாங்கள் நாலு பேரும் இருந்து மடிக்கணினியில் ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பஸில் தந்த ஒப்படைக்காகத்தான். அவளின்ட அப்பாச்சிக்குக் காது துண்டாகக் கேக்காது. ரீவி போட்டால் எழும்பிப் போயிடுவா. அண்டைக்கு மட்டும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில இருந்தா.

ஓடினது லோரல், ஹார்டி நடிச்ச 'த பற்றில் ஒஃப் த செஞ்சுரி', 1927. ஹார்டி போட்ட வாழைப்பழத் தோலில் கிறீம் பலகாரக்காரன் வழுக்கி விழ, கொஞ்ச நேரத்தில் தெருவே ஒருத்தர் முகத்தில ஒருத்தர் பலகாரம் எறியுது. மூவாயிரம் எறிஞ்சதாகச் சொல்லுவினம். அப்பாச்சி கண்ணீர் வரச் சிரிச்சா. பிறகு, "உதென்ன பிள்ளையள், சாப்பாட்டுச் சாமானை உப்பிடி அநியாயமாக்கிறாங்கள்?" எண்டு பேசினா. பொருளாதாரத் தடை காலத்தைக் கண்ட மனுசியெல்லோ!

அந்தச் சண்டை முழுசாக எங்களுக்குக் கிடைச்சதே சேகரிப்பாளர்களால்தான். றொபேர்ட் யங்சன் 1957 இல் தன் தொகுப்புப் படத்தில் சேர்த்த சில நிமிடங்கள்தான் கனகாலம் எஞ்சியிருந்தன. அவருடைய சேகரிப்பு பிறகு இன்னொருவரிடம் போனது. அவர் பெட்டிகளைக் கிண்டிப் பார்க்க, 2015 இல் இரண்டாவது ரீல் வெளியில் வந்தது. இந்தக் குட்டிப் படங்கள் ஒன்றிரண்டு ரீல்தான். வீட்டு அலுமாரியில் வைக்கலாம், சுவரில் ஓட்டிப் பார்க்கலாம். அதனால்தான் பெரிய கொம்பனிகள் கைவிட்டதையும் தனி ஆக்கள் காப்பாற்றினார்கள்.

எங்கட நாட்டுக் கதை வேறு. இலங்கையின் முதல் கதைப்படமான 'ராஜகீய விக்கிரமய' 1925 இல் எடுத்த ஊமைப்படம். பிறகு இடதுசாரித் தலைவரான என்.எம். பெரேரா அதில் நடித்தவர். இன்று பார்க்க அதன் பிரதி ஒன்றும் இல்லை.

அப்பாச்சியின்ட கலியாணப் படங்களும் இல்லை. 1987 இல் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நடந்தபோது வீட்டை விட்டு ஓடினவை. திரும்பி வர அல்பம் இல்லை.

இதையெல்லாம் ஒப்படையில் எழுதி முடிச்ச பிறகுதான் ஒரு விசயம் உறைச்சது. அண்டைக்கு எங்கட கையில் நாலு போன் இருந்தது. அப்பாச்சி சிரிச்சதை ஒருத்தரும் எடுக்கேல்லை.

வாற சனி திரும்பப் போறம். அதே படம்தான்.