சொட்டு ஒண்ணுக்கு ஒரு ரூபாய்

இருபது வருஷத்துக்கு மேல பேங்குல குப்பை கொட்டியாச்சு. பி.காம். முடிச்சு, பரீட்சை எழுதி உள்ள வந்தவ. அன்னிலேருந்து லோன் பத்திரத்துப் பொடி எழுத்தைப் படிச்சுப் படிச்சே கண்ணாடி பவர் ஏறின கேஸ். அதனால மூஞ்சியில தடவுற பாட்டிலைக் கையில எடுத்தாலும் முதல்ல திருப்பித்தான் பார்ப்பேன். முன்பக்கம் நோட்டீஸ், பின்பக்கம்தான் பத்திரம்.

இப்ப என் மேஜையில இருக்கிறது 30 மில்லி சீரம், 10 சதவீத நியாசினமைடு, கூடக் கொஞ்சம் துத்தநாகம். விலை கிட்டத்தட்ட 600 ரூபாய். (எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, ஓசி விளம்பரம் கிடையாது.) முன்பக்கம் சருமத் துளைகளைக் குறைக்கும்ங்கிற மாதிரி பெரிய எழுத்து. பின்பக்கம் துளைகளின் தோற்றத்தைக் குறைக்க உதவும்னு குட்டி எழுத்து. 'தோற்றத்தை', 'உதவும்'. இந்த ரெண்டு வார்த்தையில எவ்வளவு விஷயம் இருக்கு பாருங்க! அழகுசாதனம்னா சுத்தம் பண்ணலாம், அழகாக்கலாம், தோற்றத்தை மாத்தலாம், நம்ம நாட்டுச் சட்டம் அவ்வளவுதான் சொல்லுது. உடம்போட அமைப்பையே மாத்தும்னு சொன்னா அது மருந்துக் கணக்குல போய் நிக்கும். அதனால தோற்றத்தோட நிறுத்திக்கிறாங்க. எழுதினவர் கெட்டிக்காரர். எங்க லீகல் டிபார்ட்மெண்டுல எடுத்துக்கலாம்.

இந்த பாட்டில் வீட்டுக்கு வந்தது எனக்காக இல்ல. மகளுக்காக. இங்க மைசூர்ல பி.யூ.சி. ரெண்டாம் வருஷம் படிக்கிறா. போன வருஷம் கோவில்பட்டியில என் அண்ணன் மகள் கல்யாணம். குரூப் போட்டோ எடுக்கும்போது இவளைக் காணோம். தேடினா மண்டபத்துத் தூணுக்குப் பின்னாடி நிக்கா. திரும்பி வரும்போது தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்ல மேல் பெர்த்துல உட்கார்ந்து, போன்ல தன் மூக்கை இவ்வளவு பெரிசாக்கிக் காட்டுறா. "அம்மா, ஸ்ட்ராபெர்ரி மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு பாரு. இத வச்சுக்கிட்டு நான் எப்படி போட்டோவுல நிக்க?"

அந்த மூக்கு என் மூக்கு. எனக்கு எங்க அப்பா கொடுத்தது. மத்தியானம் மூணு மணிக்கு எண்ணெய் வழியற மூக்கு எங்க குடும்பச் சொத்து. அவ அதை ஒரு வியாதி மாதிரி காட்டினப்ப எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு.

மைசூர் வந்ததும் சீரம் வேணும்னா. அப்ரைசல் பண்ணாம சாங்ஷன் கிடையாது, முதல்ல நான் போட்டுப் பார்க்கேன்னு சொல்லிட்டேன். ஊருக்குப் போன் போட்டு அம்மாகிட்ட சீரம் போடப்போறேன்னு சொன்னா, "சீரகத்தை எதுக்குடி மூஞ்சியில தேய்க்கே, எரியாதா?"ங்காங்க. அவ்வ்வ்வ்.

சரி, மேட்டருக்கு வர்றேன். துளைன்னு நாம சொல்றது முடிக்கால் மேல வந்து திறக்கிற வாய். உள்ள எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. அது சுரக்கிற எண்ணெய் இந்த வழியாத்தான் வெளிய வரணும். கதவு மாதிரி திறக்கவும் மூடவும் இதுக்குத் தசை கிடையாது. (புல்லரிக்கும்போது முடியை நிமித்துற தசை வேற, அது இந்த வாயைத் தொடாது.) ஆவி பிடிச்சா திறக்கும், ஐஸ் வச்சா மூடும்னு பியூட்டி பார்லர்ல சொல்றதெல்லாம் சும்மா. ஆவி பிடிச்சா அழுக்கும் எண்ணெயும் கொஞ்சம் இளகும், அவ்வளவே. துளை பெரிசா தெரியறதுக்குப் பெரிய காரணம் எண்ணெய் நிறைய சுரக்கிறது. இன்னொண்ணு, வயசும் வெயிலும் சேர்ந்து சுத்தி இருக்கிற தோலோட பிடிமானத்தைத் தளர்த்துறது. மூணாவது பரம்பரை, அதாவது எங்க அப்பா.

இந்த நியாசினமைடு யாருன்னு தேடிப் பார்த்தா, அட, நம்ம பழைய ஆளு! வைட்டமின் பி3யோட ஒரு வடிவம். இது குறைஞ்சா பெலக்ரான்னு ஒரு நோய் வரும். வெயில் படுற இடத்துல தோல் கருத்து உரியும், கழுத்தைச் சுத்தி மாலை போட்ட மாதிரி வரும், வயித்துப்போக்கு, அப்புறம் புத்தி தடுமாற்றம், கடைசியில உயிரே போகும். அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி இருந்த ஏழைங்க இதுல செத்தாங்க. அது தொத்து நோய் இல்ல, சாப்பாட்டுக் குறைன்னு ஜோசப் கோல்ட்பெர்கர் 1915 வாக்குல காட்டினார். எந்தச் சத்துன்னு 1937ல கான்ராட் எல்வெய்யம் கண்டுபிடிச்சார். அது நிக்கோடினிக் அமிலம். பேரைக் கேட்டு ஜனங்க புகையிலைன்னு பயந்துடக் கூடாதுன்னு பின்னால 'நியாசின்'னு மாத்தினாங்க.

இதுல நம்ம ஆளும் ஒருத்தர் உண்டு. சேலத்துல பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூர்ல 1918ல ஆரம்பிச்ச சத்துணவு ஆராய்ச்சிக்கூடம் 1958ல ஹைதராபாத்துக்குப் போச்சு. அங்க தக்காணத்துல வெள்ளைச்சோளத்தை மட்டுமே தின்னு வாழ்ந்த ஏழைங்ககிட்ட இந்த நோயைப் பார்த்து, சோளத்துல அதிகமா இருக்கிற லியூசின் ஒரு காரணமா இருக்கலாம்னு அவரும் ஸ்ரீகாந்தியாவும் 1960ல எழுதினாங்க. அதைப் பத்தி பின்னால விவாதம் நிறைய நடந்தது. எனக்குத் தோணினது வேற. ஒரு தலைமுறைக்கு முன்னால இது இல்லாம கழுத்து உரிஞ்சு செத்தாங்க, இன்னைக்கு நாம அதை மூக்கு நுனியில சொட்டு விடுறோம்.

நிலக்கடலையில இந்தச் சத்து ஜாஸ்தி, 100 கிராமுக்கு சுமார் 12 மில்லிகிராம். கோவில்பட்டிக்காரிக்கு இதைவிட என்ன பெருமை வேணும்! இங்க மைசூர்ல சி.எஃப்.டி.ஆர்.ஐ. 1950ல தொடங்கினதும் முதல்ல செஞ்ச வேலைகள்ல ஒண்ணு, கடலை மாவையும் கொண்டைக்கடலை மாவையும் கலந்து ஏழைகளுக்கு ஒரு சத்துமாவு தயாரிச்சது. கணக்குப் போட்டுப் பார்த்தேன் (பழக்கதோஷம்). 30 மில்லி பாட்டில்ல 3 கிராம் நியாசினமைடு. அவ்வளவு சத்து கடலையிலேருந்து வேணும்னா 25 கிலோ தின்னணும். கடலைமிட்டாய் தின்னா துளை சுருங்குமான்னு ரங்கமணி கேட்டார். சுருங்காது. பர்ஸும் இடுப்புப் பட்டையும்தான் சிறுசாகும்.

இப்ப கொசுவத்தி சுத்துறேன். 2004, எனக்குப் பொண்ணு பார்க்கிற படலம். அம்மா மாசாமாசம் ஒரு சிவப்பழகு கிரீம் டியூப் வாங்கி வைப்பாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கண்ணாடி முன்னாடி வச்சுட்டுப் போயிடுவாங்க. அந்த மாதிரி கிரீம்கள்ல என்ன இருந்துச்சு தெரியுமா? இதே நியாசினமைடு. ஃபேர் அண்ட் லவ்லி 1975ல இந்தியாவுல வந்தது, அதோட முக்கியச் சரக்கு இந்த வைட்டமின். அது நிறமி தயாராகிறதைத் தடுக்கல, தயாரான நிறமி மேல் செல்லுக்குப் போறதைக் கொஞ்சம் குறைக்குதுன்னு 2002ல ஆராய்ச்சி வந்தது. 2020ல அந்தக் கிரீம் பேர்ல இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. 2025 ஜனவரியில அதே இந்துஸ்தான் யூனிலீவர், ஜெய்ப்பூர்ல 2020ல தொடங்கின மினிமலிஸ்ட்ங்கிற சீரம் கம்பெனியோட 90.5 சதவீதப் பங்கை வாங்குறதா அறிவிச்சது. பிசினஸா பார்த்தா புத்திசாலித்தனமான முதலீடு, குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அம்மா எனக்கு வச்ச டியூப்பும் மகள் என்கிட்ட கேட்ட பாட்டிலும் ஒரே சரக்குன்னு தெரிஞ்சப்ப, அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அப்ப நிறம் சரியில்லன்னாங்க. இப்ப துளை சரியில்லங்கறாங்க.

சோதனைக்கு வருவோம். பாதி முகம் மட்டும். இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட். சிரிக்காதீங்க, பெரிய ஆராய்ச்சியிலேயே இப்படித்தான் செய்வாங்க. 5 சதவீத நியாசினமைடை 50 பெண்கள் 12 வாரம் பாதி முகத்துல மட்டும் போட்டுப் பார்த்த ஒரு ஆய்வு 2005ல வந்திருக்கு. மெல்லிய சுருக்கமும் கரும்புள்ளியும் ஓரளவு குறைஞ்சதாம். 2 சதவீதத்திலேயே எண்ணெய் சுரப்பு குறைஞ்சதுன்னு 2006ல இன்னொண்ணு. அப்ப 10 எதுக்குன்னு நானும் யோசிச்சேன். பெரிய நம்பர் நல்லா விக்கும், வேற காரணம் எனக்குப் புரியல. அதிகமானா சிலருக்கு எரியும், சிவக்கும். அதனால முதல்ல முழங்கை மடிப்புல ரெண்டு நாள் தடவிப் பார்த்துட்டுத்தான் முகத்துக்குப் போனேன்.

நவம்பர்ல ஆரம்பிச்சு 8 வாரம். காலையில மூணு சொட்டு, ராத்திரி மூணு சொட்டு. ஒரு மில்லிக்கு 20 சொட்டுன்னு வச்சா பாட்டில்ல 600 சொட்டு, சொட்டுக்கு ஒரு ரூபாய். 56 நாளைக்கு 336 ரூபாய், அதுவும் பாதி மூஞ்சிக்கு! சோப்பும் மாய்ஸ்சரைசரும் ரெண்டு பக்கமும் ஒண்ணு. மைசூர்க் குளிருக்கு ரெண்டு பக்கமும் எண்ணெய் குறையும், கோவில்பட்டி வெயில் இங்க கிடையாது. அதனாலதான் ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை மட்டும் பார்த்தேன். தினமும் மத்தியானம் மூணு மணிக்கு பிராஞ்ச் வாஷ்ரூம்ல ரெண்டு கன்னத்துலயும் டிஷ்யூ ஒத்தி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பேன். ஒருநாள் கேஷியர் பொண்ணு பார்த்துட்டு "ஏன் மாட்தாயிதீரா மேடம்?"னு பயந்துபோய்க் கேட்டுச்சு. ஆடிட்னேன்.

ரெண்டு வாரத்துல ஒண்ணும் இல்ல. நாலாவது வாரம் இடது பக்கத்து டிஷ்யூவுல எண்ணெய்க் கறை சின்னதாச்சு. கடைசி வரைக்கும் அப்படியே நின்னுச்சு. அது நிஜம், ஒத்துக்கணும். துளை? காலை ஏழு மணிக்கு ஒரே ஜன்னல் பக்கம் எடுத்த போட்டோக்களை வரிசையா வச்சுப் பார்த்தேன். எண்ணெய் மினுமினுப்பு இல்லாததால இடது பக்கம் சித்த மங்கலா, அமைதியா தெரியுது. துளை எண்ணிக்கை, அளவு எல்லாம் அங்கயே இருக்கு. ரங்கமணிகிட்ட எந்தப் பக்கம்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சு, "ரெண்டு பக்கமும் அழகுதான்"னார். (இருபது வருஷ அனுபவம் பேசுது.) மகள் நல்லா உத்துப் பார்த்து வலது பக்கம்னு சொன்னா.

நடுவுல ஒரு விஷயம். எங்க பிராஞ்சுக்கு வர்ற சுய உதவிக் குழுப் பெண் ஒருத்தர் முகம் செக்கச்செவேல்னு, வெயில்ல நின்னா எரியுதுன்னு சொன்னார். மருந்துக்கடையில கேட்டு வாங்கின ஏதோ ஒரு கலவைக் கிரீமை ரெண்டு வருஷமா போடுறாராம். டியூப்பைத் திருப்பிப் பார்த்தேன், ஸ்டீராய்டு. தோல் மெலிஞ்சு, முடி முளைச்சு, நிறுத்தினா இன்னும் சிவக்கிற வகை. 2018லயே முகத்துல போடுற இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு ஆணை வந்தாச்சு. தோல் டாக்டர்கிட்ட அனுப்பி வச்சேன், இப்ப கொஞ்சம் தேவலை. ஊர்ல உங்க சொந்தத்துல யாராவது பேர் தெரியாத டியூப் வச்சிருந்தா, அடுத்த தடவை போகும்போது திருப்பிப் பாருங்க. பேர் '-சோன்'னோ '-சோல்'னோ முடிஞ்சா டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. அவங்களா சட்டுனு நிறுத்த வேண்டாம்.

அப்ரைசல் ரிப்போர்ட்டை மகள்கிட்ட கொடுத்தேன். எண்ணெய்க்கு உதவும், வேணும்னா போடு, துளை சுருங்கும்னு நம்பிப் போடாதே. 600 ரூபாயை எதுக்குச் செலவு பண்ணலாம்னு கேட்டா என் ஓட்டு சன்ஸ்கிரீனுக்கு. தோல் தளர்றதுக்கு வெயில்தான் பெரிய காரணம். நிஜமாவே தொந்தரவுன்னா தோல் டாக்டர் எழுதித் தர்ற ரெட்டினாய்டு இருக்கு, அது மருந்து, அவங்க பார்வையிலதான் போடணும், கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஆகாது. இன்னொண்ணும் சொன்னேன். முகத்துக்கு 12 அங்குலத்துல போனைப் பிடிச்சா மூக்கு 5 அடியில எடுக்கிறதைவிட சுமார் 30 சதவீதம் அகலமா தெரியும்னு 2018ல அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் போட்டிருக்காங்க. பக்கத்துல இருக்கிறது பெரிசாத் தெரியும், அவ்வளவுதான்.

"அப்ப இது உன் மூக்கு இல்லையா?"ன்னா.

"மூக்கு என்னுதுதான். 30 சதவீதம் போனோடது."

சிரிச்சா. ஆனா முழுசா நம்பின சிரிப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். அவளுக்கு வயசு 17, அவ காலேஜ்ல எல்லாரோட கையிலயும் போன் இருக்கு.

மிச்சம் இருக்கிற 264 சொட்டை அவளே எடுத்துக்கிட்டா. சன்ஸ்கிரீனும் வாங்கிக் கொடுத்தாச்சு. மே மாசம் தாத்தாவுக்கு எண்பது முடியுது, கோவில்பட்டியில வீட்டோட ஒரு விசேஷம். போட்டோகிராபர் எங்க நிப்பார்னு நேத்து ராத்திரி சாப்பிடும்போது சும்மா கேக்கிற மாதிரி கேட்டா. மண்டபம் பெரிசு, தள்ளித்தான் நிப்பார்னு சொல்லியிருக்கேன். மாமாவுக்குப் போன் போட்டு சொல்லி வைக்கணும்.